நாக்கால் எடுத்த உமி

6-7-2009, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். இவருக்கு நாலு நாளாகப் பொய்க்கண்ணில் பீளை. எழுந்தால் இமை ஒட்டிக்கொள்கிறது. கழற்றி, கொதித்து ஆறின தண்ணீரில் கழுவி மாட்டிவிட்டேன். முன்பெல்லாம் அந்தக் குழியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது ரசப் பாத்திரம் கழுவுகிற மாதிரிதான்.

வாங்க: பஞ்சு, உளுந்து அரைக் கிலோ, இவருக்குக் கறுப்புக் கண்ணாடி (பழசு காது உடைந்தது).

வேலைக்குப் போக பஸ்ஸில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வரை நின்றுகொண்டே. கண்டக்டர் “உள்ள போம்மா, எடம் கெடக்குது இல்ல” என்று கத்திக்கொண்டே வந்தான். எங்கே கிடக்கிறது.

7-7, செவ்வாய்

இவருக்குப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஸ்வாப் எடுத்து லேபுக்குக் கொண்டுபோனேன். யாரிடமும் சொல்லவில்லை. கிருமி வளர்த்துப் பார்க்க நாலு பிளேட். 1. குழி. 2. இவருடைய நல்ல கண். 3. என் கண். 4. என் நாக்கு.

நாலாவது எதற்கு என்று எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

தை மாதம். ரைஸ்மில்லில் இவர் கண்ணில் உமி விழுந்துவிட்டது. உறுத்துகிறது என்று வீட்டுக்கு வந்தார். இமையைப் பிரித்து, நாக்கால் தடவி எடுத்தேன். எங்கள் தெருவுக்கே அம்மா அப்படித்தான் எடுப்பாள். எட்டு வருஷ லேப் டெக்னீஷியன் நான். கை கழுவாமல் உள்ளே வருகிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். அந்த நிமிஷம் ஒரு எழவும் ஞாபகம் வரவில்லை. உமி வந்ததும் “அப்பாடா” என்றார்.

இரண்டாம் நாள் கருவிழியில் வெள்ளை. கடலூர் போனோம். நெல் பட்ட கண், பூஞ்சையாகத்தான் இருக்கும் என்று மூன்று நாள் அதற்கு மருந்து விட்டார்கள். அப்புறம் கல்ச்சர் ரிப்போர்ட். பூஞ்சை இல்லை. வாயில் குடியிருக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மருந்தை மாற்றினார்கள். அதற்குள் கருவிழி ஓட்டை. மாசியில் கண்ணையே எடுத்தாகிவிட்டது.

ரிப்போர்ட் இங்கிலீஷில். இவருக்குப் படிக்க வராது. ஏதோ கெட்ட கிருமியாம் என்று சொல்லி மடித்து வைத்தேன். என் வாயால் போன கண் என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே ஆறு மாசம் ஓட்டிவிட்டேன்.

9-7, வியாழன்

வளர்ந்திருக்கிறது.

2, 3: அங்கங்கே வெள்ளைப் புள்ளி. எல்லார் கண்ணிலும் இருப்பதுதான், சாது.
1: பிளேட் முழுக்க. கண் காலியானதும் கண்டதும் வந்து குந்திக்கொண்டது.
4: பச்சை வளையம். அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

என் வாயில் இருக்கிறது. அவர் வாயிலும் இருக்கும். யார் வாயைத் துடைத்துப் போட்டாலும் வரும். இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. தெரிந்துதான் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

கூட வேலை செய்யும் ஷகிலா எட்டிப் பார்த்து, யார் பேஷண்ட், வெறும் நம்பர் போட்டிருக்கிறீர்களே என்றாள். சொந்தக்காரர் என்றேன். பொய் இல்லை.

டிபன் பாக்ஸ் மூடியை லேபிலேயே விட்டுவிட்டேன்.

11-7, சனி

இவரைக் கூட்டிக்கொண்டு கடலூர். மேகம், மழை இல்லை. மஞ்சக்குப்பத்தில் இறங்கி நடை. அதே டாக்டர். குழியில் கிருமி இருக்கத்தான் செய்யும், பயப்படாதீங்க என்றார். சொட்டு மருந்து ஐந்து நாள். பொய்க்கண்ணுக்குப் பாலீஷ் போட வேண்டும். இவர் இரண்டு வடை சாப்பிட்டார்.

திரும்பும்போது சேத்தியாத்தோப்பு தாண்டியதும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நாக்கால் எடுத்தேனே மாமா, அதிலிருந்துதான் கிருமி போயிருக்கும் என்று. குரல்கூட நடுங்கவில்லை. என்ன ஜென்மமோ.

“தெரியும்” என்றார்.

தை மாதம் கடலூர் போன முதல் நாள் நான் வெளியே சீட்டுப் போட நின்றிருந்தேன். அப்போதே டாக்டர் அவரிடம் கேட்டிருக்கிறார். எண்ணெய் விட்டீர்களா, தாய்ப்பால் விட்டீர்களா, யாராவது நாக்கால் எடுத்தார்களா.

“இல்லன்னுட்டேன். நீ லேபுல வேல பாக்குறவ. அவுங்க எதிர்ல உனக்கு அசிங்கமா பூடும்னு தான்.”

மூன்று நாள் பூஞ்சை மருந்து. அந்த மூன்று நாள். ஆமாம் என்றிருந்தால் அன்றைக்கே வேறு மருந்து விட்டிருப்பார்கள். ஒரு ஸ்டாப்பில் நாலு பேர் ஏறினார்கள், கோழிக்கூடையோடு ஒருத்தி.

அவர் நல்ல கண் என் பக்கம். “ஏன், சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்களா?”

“இல்ல மாமா. அதேதான் குடுத்திருப்பாங்க” என்றேன்.

தலையாட்டினார். ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டார்.