கொம்பில் ஒரு கோடு

மதினி,

இன்று காலை நம் மூத்த ஆடு பெரியவளின் கொம்பைப் பிடித்தபோது என் கட்டைவிரல் ஒரு கீறலில் தட்டியது. நீங்கள் அரத்தால் போட்ட கோடு. போட்டபோது கொம்பின் அடியில், மயிரை ஒட்டி இருந்தது. இப்போது நன்றாக மேலே ஏறிவிட்டது. தினமும் தண்ணி காட்டுகிறவள் நான், ஒருநாளும் இதைக் கவனிக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். பெரியவளுக்குப் பொறுக்கவில்லை, முழங்காலில் ஒரு முட்டு முட்டினாள். அந்தக் குணம் மட்டும் இன்னும் மாறவே இல்லை.

ஊருக்குள் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். அதற்காகத்தான் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவை இந்த ஊசி போட்டு முடிந்ததும் நீங்கள் என் அண்ணனின் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். போட்ட ஆட்டின் கொம்பில் ஒரு கோடு. நான் ஒருநாள் கிண்டல் செய்தேன்: "ஏன் மதினி, அவுகதான் சீட்டு எழுதிக் குடுக்காகளே?" நீங்கள் தலையைத் தூக்காமலே சொன்னீர்கள்: "சீட்டை ஆடு தின்னுரும் பிள்ள. கொம்பைத் திங்காதுல்ல."

புருசன் வீடு வேண்டாமென்று பெட்டியோடு வந்து நின்றவளிடம் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காதவர் நீங்கள் ஒருவர்தான். "உள்ள வா, காப்பி ஆறுது" என்றீர்கள். அவ்வளவுதான் விசாரணை. நான் திருத்தங்கலில் அச்சாபீசுக்குப் போனேன், நீங்கள் ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனீர்கள். ஆளுக்கொரு வேனில் ஏறிப் போய், சாயங்காலம் இந்த ஆட்டுத் தொழுவில்தான் திரும்பச் சந்தித்தோம்.

திரும்பி வந்ததும் நேரே தொழுவுக்குள் நுழைய மாட்டீர்கள். புறவாசலில் தண்ணி ஊற்றிக் குளித்து, சீலை மாற்றி, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளிப்பொடியை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்த பிறகுதான். எனக்கு எரிச்சலாக வரும். ஆடு பாக்கப் போறதுக்கு இம்புட்டுச் சோடனையா என்பேன். "அதுக சீலையை நக்கும். நக்குனா உள்ள போறது என்ன, கற்கண்டா?" என்பீர்கள். கம்பெனித் தூசி ஆட்டுக்கு ஆகாது என்று சொன்ன அதே வாயால், அது உங்களுக்கு ஆகுமா என்று ஒருநாள்கூட நீங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

காலையில் முதல் வேலை புழுக்கையைப் பார்ப்பது. பிறகு கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பீர்கள். வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி என்பீர்கள், மருந்து கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நடப்பீர்கள். பனி காயாமல் பட்டியைத் திறக்க மாட்டீர்கள். முதல் மழைக்கு முளைத்த பச்சைப் புல்லை ஆடு வயிறுமுட்ட மேய்ந்தால் துள்ளி விழுந்து செத்துவிடும் என்று, மழைக்கு முன்னால் அதற்கும் ஊசி போட வைப்பீர்கள். இத்தனைக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. புது ஆடு எதுவானாலும், யார் கொடுத்ததானாலும், தொழுவுக்குள் வரக்கூடாது. பின்பக்கம் வேலிக்கருவை நிழலில் தனியாக ஒரு மாசம். அதற்குத் தனி வாளி, தின்னத் தனிக் குழை. தெருவே சிரித்தது. ஆட்டுக்குச் செயில் கட்டியிருக்காள் என்றார்கள். "சந்தையில எதோட எது உரசுச்சோ, யாரு கண்டா? ஒரு மாசம் நிக்கட்டும், கொண்டாந்தது என்னன்னு தன்னால தெரிஞ்சிரும்" என்பீர்கள்.

இதெல்லாம் ஆட்டின் மேல் இருந்த பிரியம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். செல்வி. உங்கள் மகள் கம்பெனிக் கேட்டை மிதிக்கக்கூடாது. உங்கள் அம்மா போனார், நீங்கள் போனீர்கள், உங்களோடு அது முடிய வேண்டும். அதற்கு உங்களிடம் இருந்த ஒரே வழி இந்த ஆடுகள். அவள் பன்னிரண்டாவது முடித்த வருசம் குட்டிகள் நிறையப் பிழைத்து நின்றன. தொழுவில் அவை துள்ளுவதைக் காட்டி, "அந்தா குதிக்குது பாரு, செல்வியோட நர்சு காலேஜு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பெரிய ஆடுகளுக்கெல்லாம் அந்த வருசம்தான் ஊசி போட்டுக் கோடு இழுத்திருந்தீர்கள். குட்டிகள் அப்போது மடி விட்டு நகராத பச்சை. கொஞ்சம் வளரட்டும், அடுத்து வரும்போது போட்டுவிடலாம் என்றார் டாக்டர். வளர்ந்து, ஊசிக்கு நாள் நெருங்கிய நேரம்தான் அது நடந்தது.

நான் அச்சாபீசில் லேபிள் கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கம்பெனியில் வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் போன் வந்தது, அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்க்க விடவில்லை, மதினி. துணியில் கட்டித்தான் கொடுத்தார்கள். அன்று வீடு நிறைய ஆள். தொழுவில் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன, யாருக்கும் அது காதில் விழவில்லை. அழுதுகொண்டிருந்த செல்வி எழுந்தாள். புறவாசலுக்குப் போய்த் தலையோடு தண்ணி ஊற்றிக்கொண்டு, துணி மாற்றி, பிறகு குழையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆடு உங்கள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும் இல்லையா. உங்கள் அண்ணன் இரண்டு நாள் முன்னாலேயே ஒரு கிடாயோடு வந்து இறங்கினார். சந்தையில் பிடித்த கிடா. செத்தவளின் தொழுவில் கட்டித்தான் பிறகு வெட்ட வேண்டும், அதுதான் முறை. அவர் நேரே தொழுவுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் குறுக்கே நின்றேன்.

"அண்ணாச்சி, பின்னால கருவையில கட்டுங்க. மதினி புது ஆட்டை உள்ள விட மாட்டாக."

அவர் முகம் சுண்டிவிட்டது. "எந் தங்கச்சிக்குக் கடைசியாக் கொண்டாந்த சீரு. அது வாசலுக்கு வெளியில நிக்கணுமாக்கும்?"

நான் விடவில்லை. அதற்குள் என் அண்ணன் வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினான். "சும்மா கெட. அவளே இல்ல, இனி என்ன சட்டம் பேசுற?" கிடா உள்ளே போயிற்று. அதன் மூக்கு லேசாக ஈரமாகத்தான் இருந்தது. பயணத்துச் சளி என்றார்கள். உங்களை ஊரே அழுது வழியனுப்பிய வீட்டில், உங்கள் பேச்சுக்கு ஒருவரும் காது கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், பந்தல் பிரித்து, வீடு அடங்கிய பிறகு முதல் குட்டிக்குக் கண்ணில் பீளை தள்ளியது. மறுநாள் இன்னொன்று. மூக்கொழுகல், வாயெல்லாம் புண், பால் குடிக்க முடியவில்லை, பின்னால் தண்ணியாகப் போகிறது. டாக்டர் வந்து ஒரு குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்ததும் ஆட்டுக்கொல்லி என்றார். "பெருசுகளுக்கு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார். செல்வி அவர் கையைப் பிடித்துப் பெரியவளின் கொம்பில் வைத்தாள். அவர் கோட்டைத் தடவிப் பார்த்தார். "அப்ப இதுக தப்பிச்சிரும்மா. குட்டிகளுக்கு நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம்" என்றார்.

செய்தோம். அவள் ஒவ்வொரு குட்டியாக மடியில் போட்டு வாய்ப்புண்ணைக் கழுவினாள், கஞ்சித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒன்றுகூட நிற்கவில்லை. அண்ணன் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தான். கடைசிக் குட்டிக்குக் குழி வெட்டியபோது மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். உங்கள் காரியம் முழுக்க அழாதவன். நான் மண்வெட்டியை எடுத்து மீதிக் குழியை வெட்டினேன்.

ஆனால் கொம்பில் கோடு இருந்த ஆடு ஒன்றுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. செத்துக்கொண்டிருந்த குட்டிகளை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பப் பார்த்துக்கொண்டு அதே தொழுவில்தான் நின்றன. நீங்கள் இல்லை. நீங்கள் போட வைத்த ஊசி மட்டும் அதுகளுக்குள் இருந்து காவல் பார்த்தது. அதை நினைத்து நான் சந்தோசப்பட வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். தாய்கள் தப்பி, பிள்ளைகள் போன தொழுவைப் பார்த்து யாருக்குச் சந்தோசம் வரும்?

செல்வி காலேஜுக்குப் போகவில்லை. அந்தத் தீபாவளிச் சீசனுக்கே கம்பெனி வேனில் ஏறினாள். பெட்டியில பட்டாசு அடுக்கத்தான் போறா, மருந்து கலக்குற செட்டுக்கு இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் வாசலுக்கு வரவில்லை. நான்தான் தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்பினேன். மதினி, இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் உங்களோடு பேசவே இல்லை. சாயங்காலம் அவள் இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் புறவாசலுக்குப் போனாள். குளித்துவிட்டு, ஈர்க்குச்சி எடுத்து நகக்கண்ணை நோண்டினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிடாயோடு வந்த சீக்குதான் குட்டிகளைக் கொன்றது என்ற விசயம் உங்கள் அண்ணனுக்குப் பிறகு தெரியவந்தது. யார் சொன்னார்களோ தெரியாது, நான் சொல்லவில்லை. போன வருசத் திதிக்கும் கிடா கொண்டுவந்தார். வாசலில் நின்று யாரையும் பார்க்காமல், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்த் தானே கருவையில் கட்டினார். கட்டிவிட்டுக் கையைக் கழுவத் தண்ணி கேட்டார். செல்விதான் ஊற்றினாள்.

இன்றைக்கு ஊசி போட வந்தது சரியான சீசன் நேரம். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது, ஆட்டைப் பிடிக்க ஆளில்லை. செல்வி வேலைக்குப் போகவில்லை. எங்கள் ஆடுகளோடு பக்கத்து வீட்டு ஆடுகளையும் பிடித்துக் கொடுத்தாள். நடுவில் போர்மேன் போன் செய்தார். லோடு ஏத்த வேண்டிய நேரத்துல ஆட்டைப் பிடிச்சிட்டு நிக்கியா என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "ஆமாண்ணே, நாளைக்கு வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

பெரியவளின் முறை வந்தபோது டாக்டர் கேட்டார், போன தடவை போட்டது எப்போது என்று. நான் உங்கள் கோட்டைக் காட்டினேன். "மூணு வருசம் ஆகப்போகுது. அது தாங்குறது அம்புட்டுத்தான். சரியான நேரத்துக்குப் புடிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார். ஊசி ஏறியது. நீங்கள் விட்டுப்போன காவல் இத்தோடு முடிந்தது என்று தோன்றியது.

அவர்கள் போன பிறகு செல்வி அரத்தை எடுத்து வந்தாள். "அத்தை, கொம்பை அசையாமப் பிடிங்க" என்றாள். உங்கள் கோடு மேலே ஏறிப்போனதால் அடியில் இடம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். தூளை ஊதிவிட்டு, விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுவும் மூணு வருசம் தாங்குமா அத்தை?"

"தாங்கும்னுதான் சொல்றாக."

வேலியோரம் இந்த ஈத்தில் பிறந்த குட்டிகள் நின்றன. இந்தத் தடவை அதுகளுக்கும் ஊசி போட்டாயிற்று. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்குள்ள நான் கம்பெனிய விட்டு வெளிய வந்துருவேன்."

நாளைக்குக் காலையில் அவளுக்குத் தூக்குச்சட்டி கட்டிக் கொடுக்க வேண்டும். வேன் திரும்பி வரும் வரைக்கும், உங்களுக்காகப் பயப்படத் தெரியாமல் இருந்த அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்து இவளுக்காகப் பயப்பட வேண்டும். அவள் அடுத்த குட்டியை இழுத்துவந்தாள். முளைத்தும் முளைக்காத கொம்பு, விரல் நுனி அளவுதான் இருந்தது. அதை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.