கண்ணகையின் காதுக் கடதாசி

பனிச்சங்கேணி
03.03.1997

அன்புள்ள ஸகியா மிஸ்ஸிக்கு,

நாங்கள் உயிரோட இருக்கிறம். இந்த நாளையில அதைத்தான் சுகம் எண்டு எழுத வேணும். நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்கக் கும்பிடுறன்.

உங்கட கடிதம் கிடைச்சுது. மகள் கண்ணகைக்கு ஆகஸ்டில பதினெட்டு முடியுதாம், நீங்க நேர்ஸா இருக்கிற பிள்ளைகளின் காதுக் கிளினிக்கில அவட பைலை மூடுறீங்களாம், இனிப் பெரிய ஆக்களின் கிளினிக்குக்குப் போய் டொக்டரிட்ட அவவே தனியக் கதைக்க வேணுமாம். கடைக்கு உப்பு வாங்க அனுப்புற மாதிரி எழுதியிருக்கிறீங்க.

அஞ்சு வயசில காய்ச்சல் வந்து காது போனதிலயிருந்து அவட கை என்ட கையிலதான். போன மாசம் ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றியில பஸ்ஸால இறங்கி நடக்கக்குள்ள ஒரு ஆமிக்காரன் பின்னாலயிருந்து கத்தினான். நான் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நிண்டன். அவ பாட்டுக்கு நடக்கிறா. அவன் துவக்கை நிமித்திப்போட்டான். ஓடிப்போய்ப் பின்னலைப் பிடிச்சு இழுத்தன். அண்டையிலயிருந்து எனக்குச் சோறு இறங்குதில்ல.

இன்னும் ரெண்டு வருசம் பைலை மூடாம வைங்க. வயசு பதினாறெண்டு எழுதினா என்ன குறைஞ்சுபோகும்?

டவுனுக்கு மீன் கொண்டுவாற இரத்தினம்மாவிட்ட இறால் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுறன். இரத்தினம்மாட வீட்டுக்குக் கண்ணகைதான் கொண்டுபோய்க் கொடுக்கப்போறா.

இப்படிக்கு,
சீதேவிப்பிள்ளை


காத்தான்குடி
19.03.1997

அன்பின் சீதேவி அக்கா,

கருவாடு கிடைச்சுது. மாமி ஒருத்தருக்கும் காட்டாம ஒளிச்சு வச்சிட்டா. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்.

வயசை மாத்தி எழுத ஏலாது. அடையாள அட்டையில ஒரு வயசு, எங்கட பேப்பரில ஒரு வயசு எண்டா சென்றியில என்ன நடக்கும், நீங்களே யோசிங்க.

நான் அவவைத் தள்ளிவிட எழுதல்ல அக்கா. பெரிய ஆக்களின் கிளினிக்கில, காது கேளாத ஆள் எண்டு மூண்டு பாஷையிலயும் எழுதி, படம் ஒட்டி, சீல் குத்தி அட்டை ஒண்டு தருவாங்க. சென்றியில அது அவவுக்காகக் கதைக்கும். ஆனா ஒரு சிக்கல். பைலை எடுத்துப் பார்த்தன். பதினொரு வருசச் சோதனையும் ஒரே மாதிரி இருக்கு. நடுத்தரக் குறைவு, சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும். இந்தப் பேப்பருக்கு அந்த அட்டை கிடைக்காது.

எனக்கு ஒண்டு விளங்குதில்ல. போன முறை அவட முதுகுக்குப் பின்னால என்ட கையிலயிருந்து தட்டு விழுந்தது. கிளினிக்கில இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, கண்ணகை திரும்பல்ல. அந்தப் பிள்ளை சோதனை அறையில அதைவிடக் குறைஞ்ச சத்தத்துக்கு எப்படிக் கை உயர்த்துறா?

அதுக்குள்ள அவவைப் பழக்குங்க. காதில போடுற மெசினுக்கு பற்றரியை அவவே மாத்தட்டும். டொக்டரிட்டக் கேட்கவேண்டியதை அவவே கொப்பியில எழுதட்டும்.

அன்புடன்,
ஸகியா


பனிச்சங்கேணி
20.04.1997

மிஸ்ஸி,

ஒரு மாசமாப் பதில் எழுதல்ல. பேனையை எடுத்து எடுத்துத் திரும்ப வச்சிட்டன்.

ஆறு வயசில அவவைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போனன். செவிட்டுப் பிள்ளையை வச்சுப் படிப்பிக்க ஏலாது, கொஞ்சமாவது கேட்குமெண்டு டொக்டர் எழுதித் தந்தாப் பார்ப்பம் எண்டார் அதிபர். முதல் தரம் நம்பர் எடுக்கக் கிளினிக்குக்கு வந்தப்பவே உங்கட சோதனை அறையைப் பார்த்து வச்சிருந்தன். கண்ணகை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி இருப்பா, நான் அவவுக்கு முன்னால இருப்பன். கண்ணாடிக்கு அங்கால சோதிக்கிற ஐயா சத்தத்துக்குப் பொத்தானை அமத்துறது எனக்குத் தெரியும். அவர் அமத்தக்குள்ள, சந்தேகம் வராம இடைக்கிடை விட்டுவிட்டு, நான் அவட கால் பெருவிரலை மிதிச்சன். அவ கை உயர்த்தினா. விளையாட்டெண்டு சொல்லி வீட்டில பழக்கித்தான் கூட்டிவந்தன்.

பள்ளிக்கூடத்தில எடுத்தாங்க. அடுத்த வருசம் மிதிக்காம விட்டா முதல் பேப்பர் பொய்யெண்டு தெரிஞ்சு நிப்பாட்டிப்போடுவாங்களே எண்டு பயம். அப்படியே பதினொரு வருசம் மிதிச்சிட்டன். நீங்க தந்த சின்ன மெசினும் அந்தப் பேப்பரைப் பார்த்துத் தந்ததுதானே. அதில அவவுக்கு ஒண்டும் கேட்குதில்ல. தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்.

கூப்பிட்டால் கேட்கும் எண்டு எழுதின பேப்பரோட நாளைக்கு அவவைச் சுட்டுப்போட்டா, சுட்டது நான்தான் மிஸ்ஸி.

என்னைப் பொலிசில கொடுப்பாங்களா? கண்ணகைக்குச் சொல்லிப்போடாதீங்க. அவ இண்டைக்கும் அதை விளையாட்டெண்டுதான் நினைச்சிருக்கிறா.

சீதேவிப்பிள்ளை


காத்தான்குடி
05.05.1997

சீதேவி அக்கா,

கடிதத்தை வாசிச்சிட்டு ஒரு கிழமை உங்களோட கோபமா இருந்தன். பிறகு என்னோடயே கோபம் வந்தது. அத்தனை வருசமும் நானும் அந்த அறையிலதான் நிண்டன். உங்கட முகத்தைப் பார்த்தன், காலைப் பார்க்கல்ல.

பொலிசும் இல்ல ஒண்டும் இல்ல. பெரிய ஆக்களின் கிளினிக்கில புதுசாச் சோதிப்பாங்க. ஜூன் பதினொண்டு, புதன்கிழமை அவவுக்கு நம்பர் எடுத்திருக்கிறன். ஒரேயொரு கட்டளை, நீங்க கதவுக்கு வெளியில இருக்க வேணும்.

அவவுக்குக் காது கேளாதெண்டு எங்கட டொக்டர் சிங்களத்தில எழுதி சீல் குத்தித் தந்த கடதாசியை இத்தோட வச்சிருக்கிறன். அட்டை கிடைக்கும் வரைக்கும் அதுதான். பைக்குள்ள வைக்க வேணாம். சென்றிக்குக் கிட்டப் போய்ப் பைக்குள்ள கை விட்டா அவங்க பயந்துபோவாங்க. தூரத்திலயே கையில பிடிச்சிருக்கச் சொல்லுங்க.

எனக்கும் பயம்தான் அக்கா. பொய் சொல்ல மாட்டன்.

ஸகியா


பனிச்சங்கேணி
06.06.1997

மிஸ்ஸி,

நேற்று சென்றியில சைக்கிள்ள போன ஒருத்தரைச் சுட்டுப்போட்டாங்க. நில்லெண்டு கத்தினாங்களாம், காத்துக்கு அவருக்குக் கேட்கல்லயாம். ரெண்டு காதும் நல்லாக் கேட்கிற மனுசன்.

நான் அவவை அனுப்ப மாட்டன். பைலை மூடுறதெண்டா மூடுங்க. கடதாசியை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி வச்சிட்டன். என்னைக் கோபிக்காதீங்க.

சீதேவிப்பிள்ளை


பனிச்சங்கேணி
14.06.1997

மதிப்புக்குரிய ஸகியா மிஸ்ஸிக்கு,

கண்ணகை எழுதுகிறேன். ஆட்கள் கதைப்பது எனக்குக் கேட்காததால் புத்தகத்தில் இருப்பது போலத்தான் எழுத வரும். சிரிக்க வேண்டாம்.

அம்மாவின் கடிதங்களைச் சோற்றுப்பானை ஆவியில் பிடித்துத் திறந்து, வாசித்துவிட்டுத்தான் இரத்தினம்மாவிடம் கொடுத்தேன். உங்கள் கடிதங்களையும் வாசித்தேன். எல்லாம் என்னைப் பற்றியவைதானே.

பதினோராந் திகதி விடிய அரிசிப் பானைக்குள்ளிருந்து கடதாசியை எடுத்தேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றார். அவர் வராவிட்டால் நான் தனியே போவேன் என்றேன். பிறகு அழுதுகொண்டே வந்தார்.

சென்றியில் இறங்கியதும் கடதாசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மா பத்தடி பின்னால். யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நடப்பது எப்படியென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகு முழுவதும் பயமாக இருந்தது. ஒரு ஆமிக்காரர் கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு போ என்று கையால் காட்டினார்.

சோதனை அறையில் என் கால் பெருவிரல் காத்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் மிதிக்கவில்லை. அரைமணி நேரத்தில் இரண்டு தரம்தான் கை உயர்த்தினேன்.

அது விளையாட்டில்லை என்று ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். மிதிக்கும்போது அம்மாவின் கால் நடுங்கும். நான் கை உயர்த்தாவிட்டால் அழுவார் என்றுதான் உயர்த்தினேன். ஆகவே பாதிப் பொய் என்னுடையது. அதைக் கொப்பியில் எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, நான் வாயை வாசிக்கும்படி மெதுவாகக் கதைத்தார். பெரிய மெசின் தருவார்களாம். அட்டை கையில் இருக்கிறது.

வெளியே அம்மா எத்தனை என்று கேட்டார். இரண்டு விரல் காட்டினேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது சென்றியில் அம்மா என்னை விட்டு முன்னால் நடந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். ஆமிக்காரரின் வாய் திறந்தது. இரண்டாந் தரமும் திறந்தது. துவக்கு நிமிர்ந்தது. அம்மா நடந்துகொண்டே இருந்தார். நான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். மற்றக் கையில் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். துவக்கு தாழ்ந்தது. அழுகையில் அம்மாவுக்குக் கேட்கவேயில்லையாம்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அம்மாவிடம் கொடுத்தேன். வாசித்தார். ஒன்றையும் வெட்டச் சொல்லவில்லை.

இனிமேல் கடிதத்தை என் பெயருக்கு எழுதுங்கள். அடுத்த கிளினிக் திகதி ஆகஸ்ட் இருபது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருவேன். அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
சீ. கண்ணகை