மாப்பிள்ளை தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

மாப்ள,

இன்று சாயங்காலம் பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்துக்கு வரும் பன்னியை விரட்ட வேட்டுப் போட்டார்கள். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள் கார்பைடு கல்லும் தண்ணீரும் விட்டு வெடிக்கிறார்கள். சத்தம்தான், குண்டு கிடையாது. கூடவே எவனோ பட்டாசையும் கொளுத்திவிட்டான். அந்த மருந்து வாடை காற்றில் வந்து மூக்கில் ஏறியது. கட்டிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உன் சட்டையில் அடிக்கிற வாடை அது.

எனக்கு எழுத்து வராது என்பது நீ அறிந்ததுதான். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். "யாருக்கு மாமா?" என்றாள். "என் தங்கச்சி புருசனுக்கு" என்றேன். விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

நரியைச் சுட்டால் கேட்பாரில்லாத காலம் அது. இப்போது சுட்டால் ஜெயில். சாணார்பட்டிக்குக் கிழக்கே நம் இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் ஒரே வரப்பு. உன் அப்பாவுக்குப் பிறகு லைசென்சும் அந்த ரெட்டைக்குழல் பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கியும் உன் பேருக்கு வந்திருந்தன. நிலக்கடலை காய் பிடிக்கிற பருவத்தில் நரி செடியைப் பறித்துப்போட்டுத் தின்னும். வாய்த்தால் ஆட்டுக்குட்டியையும் தூக்கிப்போகும். அந்த வருசம் ஊரே உன்னைத்தான் கூப்பிட்டது. நீயும் பொழுது சாய்ந்தால் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

பம்புசெட்டில் குளிக்கும்போதுதான் பார்த்தேன். வலது தோள் நாவற்பழமாகக் கன்றிக் கிடந்தது.

"என்ன மாப்ள, தங்கச்சி சாத்திட்டாளா?"

"ஒன் தங்கச்சி சாத்துனா இம்புட்டோட நிக்குமா மச்சான்? துப்பாக்கி ஒதச்சது."

சிரித்தோம். அதே துப்பாக்கி, அதே தோள். இத்தனை வருசம் கன்றாதது இப்போது ஏன் கன்றுகிறது என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. துப்பாக்கிக் கட்டை தேய்ந்துபோய் எலும்பில் குத்துகிறது என்றாய் நீ. இருக்கும் என்றேன் நான். தங்கச்சி செல்லாயி பழைய சேலையைக் கிழித்து, இலவம்பஞ்சு அடைத்து, உன் சட்டைத் தோளில் மெத்தை தைத்துக் கொடுத்தாள். "கல்யாணத்துக்குக்கூட இப்படி மெத்த குடுக்கல, துப்பாக்கிக்குக் குடுக்குறா பாரு" என்று அவளைச் சீண்டினாய். மெத்தை வைத்தும் கன்றல் போகவில்லை. கழுத்துப் பக்கம் இன்னும் ஏறியது. சரி, துப்பாக்கியைத்தான் மாற்றவேண்டும் என்று முடிவு செய்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "பன்னெண்டு ஒதைக்குதா? அப்பப் பதினாறு பாருங்க."

"ஏங்க, பன்னெண்டே தாங்கலங்கிறேன், பதினாறக் காட்டுறீகளே."

"நம்பர் கூடுனாக் குழல் சின்னதுய்யா. ஒரு ராத்தல் ஈயத்தப் பன்னெண்டு உருண்டையாப் பிடிச்சா, ஒரு உருண்டை போற வாய் அது. பதினாறாப் பிடிச்சா உருண்டை சின்னதாயிரும்ல?"

"பணியாரக் கணக்குதான் மச்சான்" என்றாய் என் பக்கம் திரும்பி. "மாவு ஒண்ணு, குழிதான் கூட."

பதினாறுக்குத் தோட்டா இங்கே லேசில் கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்து டூ டூ ரைஃபிளை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல்கூட நுழையாத குழல். உதையே தெரியாது, எட்ட நிற்கிற நரியைக் குறிபார்த்து அடிக்கலாம் என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. குட்டிகளைப் பறிகொடுத்தவன் நான் அல்லவா. "எடுத்துரு மாப்ள" என்றேன்.

நீ அதைக் கையில் வாங்கவே இல்லை. "தப்புனா எங்க போகும்?" என்று கேட்டாய்.

"மைல் தாண்டிப் போகும்."

"நம்ம காடு பூராம் கல்லு மச்சான். கல்லுல பட்டுத் தெறிச்சா, அங்கிட்டு யாரு ஆடு மேய்க்கிறா, யாரு களை எடுக்கிறான்னு அது பாத்துப் போகுமா?"

கடைசியில் நானூற்றுப் பத்து என்கிற ஒற்றைக்குழலை எடுத்தாய். ஈய ரவை கொஞ்சம்தான் பிடிக்கும், வெகுதூரம் போகாது, எட்ட நிற்கும் நரி சாகாது, காயம்தான் படும் என்று கடைக்காரர் எச்சரித்தார். "காயத்தோட ஓடி முள்ளுக்குள்ள கெடந்து சாக விடமாட்டேங்க. கிட்ட வரட்டும்னு உக்காந்திருப்பேன்" என்றாய். மனிதனுக்கும் ஆபத்தில்லாமல், நரிக்கும் அநியாயம் ஆகாமல், உன் தோளுக்கும் நோகாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்ட சந்தோசம் உனக்கு. திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு.

லைசென்சில் துப்பாக்கியை மாற்றிப் பதிய கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டுக் காத்திருந்தோம். அந்த உத்தரவு வருவதற்குள் கடலையே பிடுங்கியாகிவிட்டது. அதுவரை பழைய துப்பாக்கியைத்தான் தூக்கித் திரிந்தாய். பல் விளக்கினால் ரத்தம் வந்தது. வேப்பங்குச்சி முரடு என்றாய். சாயங்காலமானால் உடம்பு சுட்டது, பனி என்றேன். சோறு இறங்கவில்லை, வெஞ்சனம் சரியில்லை என்று செல்லாயியை ஏசினாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மாப்ள. அதுதான் நம்மைக் கெடுத்தது.

புதுத் துப்பாக்கி வந்தது. நீ சொன்னபடியே புதரோரம் உட்கார்ந்து, கிட்ட வரவிட்டு ஒரே வெடிதான் வெடித்தாய். நரி துள்ளக்கூட இல்லை. "பூ மாதிரி இருக்கு மச்சான், ஒதையே இல்ல" என்று தோளைத் தட்டிக் காட்டினாய்.

மறுநாள் விடிந்ததும் செல்லாயி என் வீட்டு வாசலில் நின்றாள். தலைகூட முடியாமல் வந்திருந்தாள்.

"அண்ணே, துப்பாக்கிய வலது தோள்லதான வைப்பாக?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எடது தொடையில எப்படிண்ணே கன்னும்?"

அன்றே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் உன் இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்றார்.

"கடலை காய் பிடிச்சதுல இருந்து" என்றாய்.

"இத்தன நாளா என்ன வைத்தியம் பாத்தீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "துப்பாக்கி மாத்துனோம் சார்" என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

ரத்தத்தில் புற்று என்று வெளியே வைத்துத்தான் என்னிடம் சொன்னார். முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் பிழைப்பானா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன். ஆமாம் என்றிருந்தாலும் அழுது முடித்திருப்பேன். அந்த மனிதர் உள்ளதைச் சொன்னார். அந்த அழுகை இன்னும் எனக்கு முடியவில்லை.

தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். துப்பாக்கியை ஸ்டேசனில் ஒப்படைத்தோம். செல்லாயி அதற்கப்புறம் கண்மூடுகிறவரை என் வீட்டில்தான் இருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த இடது தொடைக் கேள்வியை மட்டும், தூக்கத்தில் பேசும்போது சில நாள் கேட்பாள்.

போன வாரம், நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிற என் பேத்தியின் முழங்கைக்கு மேலே நீலமாக ஓர் இடம் கண்ணில் பட்டது.

"எங்க இடிச்ச ஆத்தா?"

"மெசின்ல இடிச்சிருப்பேன் தாத்தா."

"இருப்பேன்னா? இடிச்சியா, இடிக்கலையா?"

அவளுக்கு நினைவில்லை. வேலைக்கு லீவு போடச் சொல்லி, திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தேன். ஒன்றுமில்லை. "ஒரு நாள் சம்பளம் போச்சு, இந்தக் கெழவன் தொல்லை தாங்கல" என்று பஸ்ஸில் எல்லோரும் பார்க்கத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டட்டும். இந்த வீட்டில் யார் உடம்பில் எங்கே கன்றினாலும், எது இடித்தது, எப்போது இடித்தது என்று பதில் வரும்வரை நான் விடுவதில்லை. பதில் வந்த பிறகும், மறுநாள் காலையில் நல்ல வெளிச்சத்தில் நிறுத்திவைத்து இன்னொரு தரம் பார்த்துக்கொள்கிறேன், மாப்ள.