மடங்கும் வால்

2006 ஜூன் 2, வெள்ளி
காற்று பலமானதும், கரண்டுக்காகக் கம்பத்தில் பூட்டிய எங்கள் காற்றாடியின் வால் மடங்குகிறது. இன்றுதான் கவனித்தேன். விசிறி காற்றுக்கு நேராக நிற்காமல் ஓரமாகத் திரும்பி, மெதுவாகச் சுற்றியது.

பெட்டரியில் கரண்ட் ஏறவில்லை. போன் செத்துக் கிடந்தது. குவைத்தில் அம்மா வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச விடுவார்கள். இன்று அழைத்திருப்பார். அழுதேன். அப்பா பார்த்துவிட்டார்.

"கீழ மெயின் ரோட்டு றவூப் நானா கடையில சார்ஜ் போட்டுட்டு வா புள்ள" என்று காலையிலேயே சொன்னார். நான்தான் போகவில்லை. அங்கே எப்போதும் ஆட்கள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வெளி ஆட்கள் முன்னால் வாய் வருவதில்லை.

ஜூன் 4
அப்பா கம்பத்தைச் சாய்த்து, வால் மடங்காதபடி கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

"வேல வர்ற நேரம் பாத்து மூஞ்சத் திருப்பிக்குது. சரியான சோம்பேறி" என்று சிரித்தார். "இனி ஒம் போனு சாகாது."

காற்றாடி பூட்ட வந்த திருச்செல்வம் அண்ணன், பலத்த காற்றில் அது அளவுக்கு மேல் சுற்றாமலிருக்கத்தான் வாலுக்குக் கீல் என்றார். அன்று நான் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது காதில் விழுந்தது. அப்பா அப்போது எங்கள் தேத்தண்ணிக் கடையில் இருந்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்காகத்தானே கட்டுகிறார்?

ஜூன் 9, வெள்ளி
அம்மா பேசினார். "சாப்பிட்டியா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ம்" என்றேன். போனை வைத்த பிறகுதான் பேச வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

ஜூன் 12
மழை. கடைக்கு யாரும் வரவில்லை.

ஜூன் 15
கடுகண்ணாவைக் கணவாயிலிருந்து காற்று ஏறி வருகிறது. விசிறி கத்துகிறது — சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பம் நடுங்குகிறது. அதன் கீழேதான் அப்பாவின் தேத்தண்ணிக் கடை. இறக்கை பிய்ந்து விழலாமென்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமே. ஏன் வாய் வரமாட்டேங்குது?

ஜூன் 16, வெள்ளி
காலையில் காற்று தணிந்தது. ஓர் இறக்கையில் நீளமாக வெடிப்பு.

"அப்பா, அந்தக் கம்பிய அவுத்துருவோம். மடங்கணும்னுதான் கீலு வச்சிருக்காங்க. திருச்செல்வம் அண்ணன் சொன்னாரு."

"அத ஏன் புள்ள அன்னைக்கே சொல்லல?"

வெடித்த இறக்கையைக் காட்டினேன். அவர் வெடிப்பைப் பார்த்தார், பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"அப்ப ஒங்கம்மா போனு?"

பெட்டரிப் பெட்டியிலுள்ள சுவிச்சைத் திருப்பி விசிறியை நிறுத்தினேன். இருவருமாகக் கம்பத்தைச் சாய்த்தோம். கம்பியை நான் வெட்டினேன். புது இறக்கை வரும்வரை காற்றாடி தரையில்தான் கிடக்கும்.

பிறகு போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கினேன். றவூப் நானா கடை வாசலில் ஆண்கள் நின்றார்கள். "சார்ஜ் போடணும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அவர்களைத் தாண்டி உள்ளே போய், மறுபடியும் சொன்னேன்.