தொடலாமா?

மார்ச் 4

என் வாலுப்பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலம் கேட்க எத்தனை முறை போன் செய்தாலும் "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு" என்கிறாய். சீக்கிரம் சொல்லச் சொன்னால் சொல்ல வந்ததே எனக்கு மறந்துவிடுகிறது. காகிதம் என்னை விரட்டாது. வேலை முடிந்து விடுதிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு நிதானமாகப் படி.

யோகா ஆசிரியர் பயிற்சி முடியப் போகிறது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். எலும்புகளின் பெயர்தான் உயிரை எடுத்தது. சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி, உலை கொதிக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்தேன். அப்பா, "வீட்டுல எல்லாரையும் தலைகீழா நிக்க வைக்கிறவளுக்கு எதுக்குடி சர்டிபிகேட்?" என்கிறார். கேலி செய்தாலும், காலையில் பாய் விரித்து எனக்கு மாணவராகப் படுப்பது அவர்தான். படுத்ததும் தூங்கிவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

எனக்கு இரண்டு கஷ்டம். மாணவர்களைப் பார்த்து நிற்பதால் ஆசிரியர் கண்ணாடி மாதிரி செய்ய வேண்டுமாம். வாய் "வலது கை" என்னும்போது என் இடது கை மேலே போக வேண்டும். முதலில் பொய் சொல்கிற மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது. இன்னொன்று, யாரையும் திருத்துவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கையை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, முகம் மாறக்கூடாது. ஓட ஓடப் பிடித்து இழுத்து உனக்குத் தலை பின்னியவள் நான். என் கைக்கு இதெல்லாம் புதுப் பாடம்.

நீ விட்டுப்போன கல்லூரி டிராக் பேண்ட்டைத்தான் வகுப்புக்குப் போடுகிறேன். நீளம் அதிகம். கணுக்காலில் மடித்து ஊக்கு குத்திக்கொள்கிறேன். கண்ணாடியைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்ல துணியை வீணாக்க மனசில்லை.

இனி செய்முறைத் தேர்வு. வெளியிடத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். எனக்கு முதியோர் இல்லம்தான் விழுந்தது. கூடப் படிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரரிடம் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டேன். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

தோளைக் குறுக்கி உட்காராதே. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் துணை.

ஆசிகளுடன்,
உன் அம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எலும்புப் பரீட்சையில் தேறியதற்கு வாழ்த்து. அப்பாவுக்குக் குறட்டைப் பரீட்சை வைத்தால் முதலிடம் அவருக்குத்தான்.

வேலை நிரந்தரமாகுமா என்று இந்த மாதம் தெரிந்துவிடும். அதுவரை எல்லோரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிறேன். இங்கே எல்லோரும் பெரிய இடத்துப் பிள்ளைகள். ஒருத்தியின் அம்மா டாக்டர், இன்னொருத்தியின் அம்மா வக்கீல். "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது "டீச்சர்" என்று சொல்லிவைத்தேன். என்ன டீச்சர் என்று யாரும் கேட்கவில்லை. பாதி டீச்சர் ஆகிவிட்டாய், அதனால் பாதிதான் பொய்.

அத்தையிடம் சொல்லிவிட்டாயா? சான்றிதழ் கைக்கு வரட்டும், பொறு. தேர்வுக்காவது புது பேண்ட் வாங்கிக்கொள். அந்தப் பழையதில் நாலு பேர் முன்னால் போய் நிற்காதே, மானம் போகும். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கும் யாரோ யோகா சொல்லித்தர வருகிறார்களாம். உன்னை நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
வாலு


மார்ச் 19

அன்புள்ள மகளுக்கு,

நீ போன் எடுக்கவில்லை. உன்மேல் தவறில்லை.

சொல்லாமல் வந்தது என் தவறு. பட்டியலில் உன் அலுவலகத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ உள்ளே வருவாய், என்னைப் பார்த்துத் திகைப்பாய், நான் "என்னடி வாலு" என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். பேருந்து முழுக்க இந்த ஒத்திகைதான். நீ திகைத்தாய். பிறகு "குட் மார்னிங் மேடம்" என்றாய். உன் பார்வை என் முகத்தில் இல்லை, கணுக்கால் ஊக்கில் இருந்தது. நீ சொன்னபோதே வாங்கியிருக்கலாம்.

நானும் "வாங்க, உட்காருங்க" என்றேன்.

ஆரம்பிக்கும் முன் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தேன். உதடு அசைந்திருக்கும் போல. உன் பக்கத்தில் இருந்த கட்டம் போட்ட சட்டைக்காரர், "அம்மா நமக்காக வேண்டிக்கிறாங்கப்பா. ஊக்கு தெறிச்சா கிளாஸ் முடிஞ்சுது" என்றார். அந்தச் சிரிப்பில் எது உன்னுடையது என்று எனக்குக் கண்ணைத் திறக்காமலே தெரியும். போகட்டும்.

கைகளை விரித்து நிற்கச் சொன்னபோது உன் தோள் மட்டும் காதருகே ஏறியிருந்தது. தாண்டிப் போயிருக்கலாம். மூலையில் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிடம் வந்து "தொடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம் மேடம்" என்றாய். கையை எடுத்துக்கொண்டேன்.

குறை சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. டீ குடிக்கும்போது உங்கள் வரவேற்பில் உட்காரும் பெண், "உங்களுக்கு எத்தனை பசங்க மேடம்?" என்று கேட்டாள். நீ பிஸ்கட் தட்டருகே நின்றாய். உன் கை பாதியில் நின்றது. நான், "எனக்குப் பிள்ளைங்க யாரும் இல்லைம்மா" என்றேன். வாய் வலது என்றால் கை இடது பக்கம் போகுமே, அப்படித் தானாக வந்தது.

உன் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று வீடு வரும்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதி, கோபம். உனக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் அவ்வளவு உரக்கச் சொன்னேன். எத்தனை வருஷம் வேண்டி உன்னைப் பெற்றேன் என்று உனக்குத் தெரியும். கேட்டு வாங்கியதை இல்லை என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு சாமி முன்னால் எப்படி நிற்பது?

வீட்டு வரவு செலவில் ஒரு காசு இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்குக் கணக்கு சரியாக வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன். பயிற்சியாளர் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "ஒரு பொண்ணு வேண்டாம்னு சொன்னதும், முகம்கூட மாறாம கையை எடுத்தீங்களே, அதுக்கே முழு மார்க்" என்றார். கைதட்டினார்கள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. சான்றிதழைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பா, "பாப்பாவைப் பாத்தியா?" என்றார். "வேலையா இருந்தா" என்றேன். ஒன்றை மறைக்க இன்னொன்று.

வாரம் ஒரு நாள் வர முடியுமா என்று உன் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ வர வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா


ஏப்ரல் 12

அம்மா,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

அந்தச் சிரிப்பு என்னுடையதுதான். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அது என் பேண்ட் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்தப் புத்திகூட அப்போது இல்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது. உனக்குச் சொல்ல போனை எடுத்தேன், எந்த முகத்தோடு பேசுவது என்று வைத்துவிட்டேன்.

வரவேற்பில் இருப்பவள் உன்னை மறக்கவே இல்லை. "பாவம்ப்பா அந்த மேடம், பிள்ளைங்களே இல்லையாம். அதான் நம்மகிட்ட அவ்வளவு பாசமாப் பேசினாங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். உன்மேல் எல்லோருக்கும் இரக்கம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நீ பொய் சொன்னவள் ஆகிறாய். சொல்லாவிட்டால் நான் தாயில்லாதவள் ஆகிறேன்.

நேற்று மறுபடியும் "பாவம்" என்றாள். "அது எங்க அம்மா. நான் சிரிச்சேன், அதனாலதான் அப்படிச் சொன்னாங்க" என்றேன்.

உன்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அவள், "எங்க அம்மாவா இருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள். கட்டம் போட்ட சட்டைக்காரர், "ஊக்கு விஷயம் அவங்க காதுல விழலைல்ல?" என்று கேட்டார். விழுந்தது என்றேன். மத்தியானம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

வா அம்மா. புதன்கிழமை தோறும் வகுப்பு வைக்கலாம் என்கிறார்கள். அதே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வா. நான் முன் வரிசையில் நிற்பேன். என்னிடம் மட்டும் தொடலாமா என்று கேட்காதே, நேராகத் தொட்டுவிடு.

உன்
வாலு (அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்றால்)


ஏப்ரல் 16

என் வாலுப்பெண்ணுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார், வழக்கம்போலத் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். சான்றிதழை எடுத்துவந்து, எலும்புப் பெயர் ஒட்டியிருந்த சுவரில் மாட்டினார். "புடவைக்கு அடியில வெச்சா பூச்சி அரிச்சிடும்" என்றார். 

வேலை நிரந்தரமானதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போது வாய் கூசியது. இருந்தாலும் சொன்னேன்.

புதன்கிழமை வருகிறேன். பேண்ட் புதிதாக வாங்கிவிட்டேன். நீ பார்த்த பார்வைக்குப் பிறகு அந்த ஊக்கு என்னையும் குத்துகிறது. அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அளவுக்குப் பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

கேட்காமல் தொடச் சொல்கிறாய். அது முடியாது. அன்றைக்கு மதிப்பெண்ணுக்காகக் கேட்டேன். நீ வேண்டாம் என்றதை அந்த அறையே கேட்டது. எனக்குப் பிள்ளை இல்லை என்று நான் சொன்னதும் அவர்கள் காதில்தான் விழுந்தது. அதனால் அதே இடத்தில், அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "வாலு, தொடலாமா?" என்று கேட்பேன்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதவில்லை. மெதுவாக யோசித்துச் சொல். கையை நீட்டியபடி காத்து நிற்பது எனக்குக் கஷ்டமில்லை. அதற்குத்தானே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

உன் அம்மா