சின்னவனுக்கு வாங்கிய இடதுகை பேஸ்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, மூன்று பேரும் எழுந்திருக்கிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். போன தடவை நீ போனில் தம்பியைப் பற்றிக் கேட்டதும் அடுப்பில் என்னவோ கருகுகிறது என்று உன் அம்மா வைத்துவிட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. அவளுக்கு அந்தப் பேச்சு வாயில் வருவதில்லை, நானோ போனில் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அட்டைப்பெட்டி கம்பெனியில் வெட்டுகிற மெஷினில் சின்னவனின் இடது கை மாட்டியதும், நடுவிரலும் மோதிர விரலும் போனதும் உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு அவன் எப்படி இருந்தான் என்று உனக்கு நாங்கள் சொல்லவில்லை. பேஸ் கிட்டாரை உறையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். பாட்டுக் குழுவிலிருந்து யார் வந்தாலும் தூங்குகிறான் என்று சொல்லச் சொல்வான். கம்பியை அழுத்துவது இடது கைதான், அந்தக் கையில் இரண்டு விரல் இல்லையென்றால் இனி அவ்வளவுதான் என்று நாங்களும் மனதைத் தேற்றிக்கொண்டோம். ஒருநாள் காலையில் நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், இவன் கையில் துடைப்பத்தோடு வந்து நிற்கிறான். அதைத் தலைகீழாக மாற்றிப் பிடித்து, 'அப்பா, இப்படிப் பிடிச்சா வலது கை அழுத்தும், மிச்சம் இருக்கிற விரலை வச்சு இடது கை மீட்டும், இடதுகைக்காரங்க வாசிக்கிறது இருக்குல்ல, அதுமாதிரி ஒண்ணு வேணும்பா' என்றான். வாசலில் துடைப்பத்தை மீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, சரி ஏறு வண்டியில் என்றேன்.

ஆனால் இடதுகை பேஸ் என்பது குதிரைக்கொம்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைக்காரர் புதிதாக வரவழைக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதை வாங்கி வைத்தால் தூசிதான் படியும் என்று கையை விரித்தார். சின்னவனுக்கும் பழையதுதான் வேண்டும். பழையவற்றில் கழுத்து மெலிசாக இருக்குமாம், மரமும் கம்பியும் பழகிப்போயிருக்குமாம், அழுத்திப் பழகாத வலது கைக்கு அதுதான் தோது என்றான். கடைக்காரர் ஒரு வலதுகை பேஸைத் திருப்பிக் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிக் கொடுத்தார். தடித்த கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆட்டம் போட்டது, மெல்லியதின் பள்ளத்தில் தடித்தது உட்காரவே இல்லை, ஒலி கூட்டுகிற குமிழ் எல்லாம் மேலே வந்து முழங்கையில் இடித்தது. சட்டையைப் புறம் மாற்றிப் போட்டுக்கொண்டால் இடது சட்டை ஆகிவிடுமா என்று நான் கேட்டேன், கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

அடுத்து ஒரு பல் டாக்டர் வீடு. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டியில் பழைய கிட்டார்கள், அதில் ஒன்று பிறவியிலேயே இடதுகை பேஸ். பூச்சு அசல், திருகு அசல், உறைகூட அசல் என்று அடுக்கிக்கொண்டே போனார். வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாசித்தால் மதிப்புக் குறையும் என்றார். சின்னவன் குனிந்து ஒற்றைக்கண்ணால் பார்த்துவிட்டு, 'கழுத்து வளைஞ்சிருக்கு சார்' என்றான். அதுவரைக்கும் பைக்குள்ளேயே வைத்திருந்த கையை அப்போதுதான் வெளியே எடுத்தான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், 'இந்தக் கைய வச்சுக்கிட்டு என்ன தம்பி பண்ணப்போறீங்க' என்று கேட்டார். இவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினான், அந்த வாரைப் போட அவனுக்கு வெகு நேரம் ஆனது, நான் குனியப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

கடைசியில் விளம்பரம் பார்த்து ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் போனோம். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்கார அம்மா கதவைத் திறந்தார். முன் அறையிலேயே தையல் மெஷின், அதை ஒட்டிக் கட்டில், கட்டிலில் அவர் வீட்டுக்காரர். அவர் பிறவி இடதுகைக்காரர், ஆயுசு முழுக்க பேஸ் வாசித்தவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. எவன் கணக்குப் போட்டானோ, இவனுக்கு இடது கை, அவருக்கு வலது கை. அவரிடம் இரண்டு பேஸ் இருந்தன, இரண்டும் அசல் இடதுகை, இரண்டும் சின்னவன் பிறப்பதற்கு முன்பே செய்தவை. ஒன்று கறுப்பு, நீளம், தூக்கினால் தோள் இறங்குகிற கனம். ஒலி தெளிவுதான், ஆனால் கழுத்தில் பதித்த கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், விரலைப் பரப்பி எட்ட வேண்டும், குமிழைத் திருகினால் கரகரக்கும். இன்னொன்று சிவப்பு, குட்டை, பூப்போல லேசு. அவருடைய கை உரசி உரசி ஓரத்தில் சாயம் போய் மரம் தெரிந்தது. சின்னவன் அதை மடியில் வைத்ததும் வலது கைச் சுண்டுவிரல் எட்டவேண்டிய இடத்தை எட்டியது. அவன் வாசித்தது கேட்கச் சகிக்கவில்லை, சிறுபிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் அந்த ஒலி பழுத்த பூசணியைத் தட்டியதுபோல் நெஞ்சுக்குள் இறங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தான். விபத்துக்கு அப்புறம் அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதுதான் வேண்டும் என்றோம். அந்த அம்மா சிவப்பை வாங்கி உறையில் போடப்போனார். அதற்குள் கட்டிலில் இருந்தவர் இடது கையை நீட்டி அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பேச்சு இல்லை, தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம். 'விடுங்க, நேத்தே சொன்னேன்ல, விடுங்க, உங்க மருந்துக்குத்தான்' என்றார் அம்மா. அவர் விடவில்லை. அந்த அம்மா குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். ஒன்றைப் பிரித்தால் முன்னால் பிரித்தது திரும்பப் போய் ஒட்டிக்கொள்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சின்னவன்தான் எழுந்து, 'அக்கா, விட்டுடுங்க, எனக்குக் கறுப்புதான் சரியா இருக்கு' என்றான். பொய். அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அது பொய் என்று தெரியும். கறுப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது அந்த அம்மா பின்னாலேயே வந்து, 'உங்க பையன் நல்லவன்னு பேர் எடுத்துட்டுப் போயிட்டான், நான்தான் இந்த வீட்டுல ராட்சசி' என்று அழுதார்.

வண்டியில் ஏறியதும் நான் கத்திவிட்டேன். உன் கையே நொந்து கிடக்கிறது, ஊரான் கைக்கு என்ன இரக்கம், அவரால் இனி வாசிக்கவா முடியும் என்று கேட்டேன். கறுப்பை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, 'மெஷின்ல இருந்து என் கைய எடுக்கும்போதும் இப்படித்தாம்பா ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க' என்றான். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

கறுப்பு அவன் கைக்கு ஒத்துவரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வலது மணிக்கட்டு வீங்கி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். குழு மாஸ்டர் ஒருநாள் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டார். பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார், 'கை பழகட்டும், பாக்கலாம்' என்றார், போகும்போது குழுவுக்குச் சொந்தமான ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். புது ஆளைச் சேர்த்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. சின்னவன் கம்பெனிக்கே திரும்பப் போகிறான், இப்போது பசை ஒட்டுகிற பக்கம் போட்டிருக்கிறார்கள், மெஷின் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு தூக்கிப் போடுகிறதாம்.

பெட்டி இல்லாமல் பேஸ் ஊமை. அதனால் அதன் கொம்புபோல் நீண்ட முனையை நம் மர பீரோவில் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிக்கிறான், பீரோ முழுக்க அதிர்ந்து மெல்லக் கேட்கும். அடிபட்டதிலிருந்து உன் அம்மா அவன் கையைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை, அவன் வாசிக்க உட்கார்ந்தால் கொடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள், காயாத துணியையும் எடுத்துக்கொண்டு வருவாள். நேற்று பீரோவின் அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்தேன். அவன் முடித்ததும் யாரிடம் என்று இல்லாமல், 'நேத்து தடுக்கி விழுந்த இடத்துல இன்னிக்கு விழல, வேற இடத்துல விழுந்தான்' என்றாள். அவன் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். இவன் இனி மேடை ஏறுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லையம்மா, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் சுவரைப் பார்த்துப் படுப்பதில்லை.

நீ அனுப்பிய செயற்கை விரல் படங்களைப் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான், இனி அனுப்பாதே. கூப்பிடும்போது கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அழாதே, சும்மா அக்காவாகச் சண்டை போடு. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு இராத்திரி வேலையென்றால் கதவைத் தாழ்போட்டுப் படு. குழந்தை இடது கையில் பென்சில் பிடிக்கிறான், தட்டித் தட்டி மாற்றுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். மாற்றாதே. எந்தக் கையில் வேண்டுமானாலும் பிடிக்கட்டும், பத்து விரலும் இருக்கிறதல்லவா, அவனை விட்டுவிடு.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா