கிண்ணத்தில் இருந்த நல்ல தண்ணீர்

அனுப்புநர்:
மட்டி பொறுக்கும் தொழிலாளியின் மூத்த மகள்,
கடைசி வீடு, கழிமுகச் சாலை.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
கடலோர நீர்த்தரக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: கழிமுகத்து நீர்த்தரக் கருவியை அகற்றும் முடிவைக் கைவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: கருவி பழுது குறித்து எங்கள் தெருவுக்கு வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலை நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் சொல்வதற்காக இரண்டு முறை வந்தேன். தங்கள் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுதும்போது குரல் தேவைப்படாது என்பதால் எழுதுகிறேன்.

1. நான் வேதியியலில் பட்டம் பெற்றவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆகவே தெருவுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். நீர் வற்றும் நேரத்தில் கருவி உப்பே இல்லாத தண்ணீரைக் காட்டுவதால் அது பழுது என்றும், வரும் இருபதாம் தேதி கழற்றப்படும் என்றும் தாங்கள் எழுதியிருந்ததையும் நானே படித்தேன்.

2. என் தாயாரும், சித்தியும், இன்னும் பதினோரு பெண்களும் நீர் வற்றியதும் கழிமுகத்தில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குகிறார்கள். அப்போது சேற்றின்மேல் விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். வானம் முழுவதும் அதில் விழுந்து கிடக்கும். கரையிலிருந்து பார்த்தால் அவர்கள் மேகத்தின்மேல் குனிந்து எதையோ தேடுவதுபோல இருக்கும். கரையோரம் தங்கள் கருவி ஒற்றைக் காலில் நிற்கும். நீர் வற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் அது அளந்து விளக்கைப் போடும். பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் ஊர்க் கழிவுநீர் வாய்க்கால் கலந்திருக்கிறது. பனி மூட்டத்தில் கம்பம் தெரியாது. வெளிச்சம் மட்டும் காற்றில் மிதக்கும்.

3. பெண்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்தைவிட்டு நகராது, கவனிக்காவிட்டால் முகம் சிவந்துவிடும் என்பது காரணம். அதைப் பொருத்த வந்த பணியாளர், "அடியில இருக்கிற கிண்ணத்த மட்டும் சுத்தமா வச்சுக்கோங்கம்மா, மத்தத அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வடிகிற நீரில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும் கிண்ணம் அது, அந்த நீரைத்தான் கருவி அளக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. என் தாயார் அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். விளக்குக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் கம்பத்தடிக்குப் போய், கிண்ணத்தில் இருக்கும் கலங்கல் தண்ணீரைக் கொட்டி, உள்ளே துணியால் துடைத்து, தன் பாட்டிலில் இருக்கும் குடிதண்ணீரை ஊற்றி நிரப்புவார். மற்றவர்கள் கேலி செய்தால், "நாமதான் காலம் பூரா உப்புத் தண்ணில நிக்கிறோம். மாப்பிள்ளையாவது நல்ல தண்ணி குடிக்கட்டுமே" என்பார். வெயில் நாட்களில் தனக்குக் குடிக்க மிச்சமில்லாமல் திரும்பியதும் உண்டு.

4. தங்கள் கடிதம் வந்த பிறகு, தங்கள் அலுவலக இணையதளத்தில் வரும் அளவுகளை ஐந்து வாரத்துக்கு எழுதிப் பார்த்தேன். தாயார் காய்ச்சலில் படுத்திருந்த நான்கு நாட்களில் மட்டும் உப்பு சரியாக இருந்தது. அந்த நான்கில் இரண்டு நாட்கள் சிவப்பு எரிந்தது. மாமியாரைக் காணாமல் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார் என்று பெண்கள் சிரித்தபடி திரும்பி வந்தார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். கருவி பழுதில்லை ஐயா. தனக்குக் கொடுத்த தண்ணீரை அது சரியாகத்தான் அளந்திருக்கிறது. அது எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர்.

5. அந்தக் காய்ச்சலுக்கு ஒரு வாரம் முன்பு, பெருமழைக்கு மறுநாள், என் சித்தி உள்ளங்கையில் மட்டி ஓடு கிழித்த காயத்தோடு கரையில் தயங்கி நின்றார். தண்ணீரில் ஒரு மாதிரி வாடை வருகிறது என்றும் சொன்னார். "பச்சைதான எரியுது, இறங்கு" என்று சொன்னவர் என் தாயார். சித்தி பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. விரல் மடக்கி எண்ணுகிற வேலை மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். தாயார் சிரிப்பதில்லை. மாப்பிள்ளை பொய் சொல்லமாட்டாரே, எங்கே தப்பு நடந்தது என்று சோறு பிசைந்த கையோடு கேட்கிறார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

6. ஆகவே கருவியைக் கழற்ற வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வடிகிற நீர் மட்டும் உள்ளே போகும்படி, கிண்ணத்துக்குத் துளை போட்ட ஒரு மூடி போட்டுத் தர வேண்டும். எச்சரிக்கை இப்போது படகு உரிமையாளர்களின் போனுக்கு எழுத்தாக மட்டும் போகிறது. படகில் இருப்பவர்களின் கால் நனைவதில்லை. இடுப்பில் பிளாஸ்டிக் பைக்குள் போனைச் சுற்றி வைத்திருக்கும் இந்தப் பதின்மூன்று பெண்களுக்கும் அது குரலாக வர வேண்டும். எண்களையும் ஐந்து வாரத்து அளவுகளையும் இணைத்திருக்கிறேன்.

7. இன்னொன்றையும் கேட்க வேண்டும். இதற்காகத்தான் பெஞ்சில் இருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். தங்கள் பதிலை என் தாயாருக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனவே பதிலில் காரணத்தை எழுத வேண்டாம். மூடி போட வருகிறவரும் அதைச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கடல் தண்ணீர் பழகிவிட்டது, இனி நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வெளியே மட்டும் துடைத்துவிட்டால் போதும், பாட்டிலில் இருப்பதை நீங்களே குடியுங்கள் அம்மா என்று மட்டும் அவர் சொல்லட்டும். அதை என் தாயார் நம்புவார்.

பணிவுடன்,
(கையொப்பம்)
மூத்த மகள்

இடம்: கழிமுகச் சாலை
நாள்: பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை